பெண்களின் பந்தாட்டமும் ஆண்களின் அளவுகோலும்

பெண்களுக்கு ஒரு காரியம் வராது என்று சொல்லுகிறவர்கள், முதலில் அந்தக் காரியத்தின் பக்கமே அவர்களை வரவொட்டாமல் தடுத்து வைப்பார்கள். பிறகு, வேறு வழியில்லாமல் கதவைத் திறக்க நேர்ந்தால், பாதிக் கதவை மட்டும் திறப்பார்கள். அந்தப் பாதிக் கதவுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைகிற பெண்ணைப் பார்த்து, "பார்த்தீர்களா, இவளுக்கு நிமிர்ந்து நடக்கத் தெரியவில்லை" என்று சிரிப்பார்கள். இத்தந்திரம் ஒரு விளையாட்டு மைதானத்தில் எப்படிப் பட்டப்பகலில் நடந்தது என்பதைக் கணக்கோடு காட்டுவதற்கு ஆஸ்திரேலியப் பெண்களின் பந்தாட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆதலால் அதைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

ஆஸ்திரேலிய நாட்டில், 1859-ல் மெல்போர்ன் நகரில் விதிகள் எழுதப்பட்டு, இன்றுவரை ஆடப்பட்டு வரும் தனி வகைப் பந்தாட்டம் ஒன்று உண்டு. பந்து முட்டை வடிவமானது. மைதானமும் அப்படியே. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் அது கோல். அதற்கு 6 புள்ளி. நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே போய்விட்டால் அதற்குப் பிஹைண்ட் என்று பெயர், 1 புள்ளிதான். பந்தைக் கையால் குத்தி அனுப்பலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம், பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். பலமும் வேகமும் துணிவும் வேண்டிய ஆட்டம். இக்காரணத்தைக் கொண்டே, "இது ஆண்பிள்ளைகளின் ஆட்டம், பெண்மைக்கு அடாது" என்று அந்நாட்டுப் பெரிய மனிதர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெண்களுக்கு இதில் ஆசையில்லாமல் இருந்ததா? இல்லை. 1915-லேயே பெர்த் நகரத்துக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதை ஆடியிருக்கிறார்கள். 1918-ல் பல்லராட் நகரில் லூகாஸ் துணித் தொழிற்சாலைப் பெண்கள் கூட்டத்தின் முன்னிலையில் ஆடியிருக்கிறார்கள். ஆண்கள் யுத்தத்திற்குப் போயிருந்த காலத்தில் பெண்ணின் காலுக்குப் பந்து உதைக்கும் பலம் வந்துவிட்டது. ஆண்கள் திரும்பி வந்ததும் அந்தப் பலம் எங்கே போயிற்று? போகவில்லை. மைதானம்தான் போயிற்று.

"இயற்கையே பெண்களை இதற்கு ஆகாதவர்களாகப் படைத்திருக்கிறது" என்கிறார்கள். அப்படியானால் நாம் ஒன்று கேட்கிறோம். இயற்கை தடுத்துவிட்ட காரியத்துக்கு மனிதன் தடைச்சட்டம் போடுவானேன்? மீன் மரமேறக் கூடாது என்று யாராவது சட்டம் செய்திருக்கிறார்களா? சிறு வயதில் பையன்களோடு சேர்ந்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெண்களைக் குறிப்பிட்ட வயது வந்ததும் வீட்டுக்குப் போ என்று விதி போட்டு விரட்டினார்கள். முடியாதவர்களை விரட்ட விதி வேண்டியதில்லை. முடிகிறவர்களை விரட்டத்தான் விதி வேண்டும். 2003-ல் விக்டோரியா மாகாணத்தில் மூன்று சிறுமிகள் இந்த விதியை எதிர்த்து விசாரணை மன்றம் வரை போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சிறுமிகளுக்கென்று தனிப் பந்தயங்களாவது ஏற்பட்டன. அம்மூவரில் ஒருவரான பென்னி குலா-ரீட் பிற்காலத்தில் காலிங்வுட் கட்சிக்காகப் பெண்கள் லீக்கில் ஆடினார்.

எரின் பிலிப்ஸ் என்பவரின் கதையும் இதுவே. தகப்பனார் இந்த ஆட்டத்தில் பெயர் பெற்றவர். மகளும் 13 வயது வரை பையன்களோடு ஆடினார். அதற்குமேல் வழியில்லை. ஆகவே கூடைப்பந்துக்குப் போய், அமெரிக்கா வரை சென்று, அங்கே வெற்றிக் கோப்பைகளில் பங்கு பெற்றார். 31 வயதில்தான் தம் சொந்த ஆட்டத்துக்குத் திரும்பி வர அவருக்குக் கதவு திறந்தது. வந்த முதல் வருஷத்திலேயே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். இடையில் போன பதினெட்டு வருஷங்களுக்கு யார் ஜவாப்தாரி? இயற்கையா?

நிற்க. பெண்கள் லீக் 2017 பிப்ரவரி 3-ந் தேதி மெல்போர்னில் தொடங்கிற்று. "யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்டவர்கள் பலர். அன்று 24,568 பேர் உள்ளே போனபின் மைதானம் நிரம்பிக் கதவை அடைக்க வேண்டியதாயிற்று. வெளியே நின்றவர்கள் கூட்டமாக நின்றார்கள். 2019 இறுதிப் போட்டிக்கு அடிலெய்டில் 53,034 பேர் வந்தார்கள். "அனுமதி இலவசம், அதனால் வந்தார்கள்" என்று உடனே ஒரு சமாதானம் கிளம்பிற்று. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாத பண்டத்தை ஐம்பதினாயிரம் பேர் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதை இப்புத்திசாலிகள் யோசிக்கட்டும்.

இனி அந்தப் பாதிக் கதவுக்கு வருவோம். 2017-ல் ஆண்கள் கட்சி ஒவ்வொன்றும் இறுதிச் சுற்றுக்கு முன் 22 பந்தயங்கள் ஆடிற்று. பெண்களுக்குக் கொடுக்கப்பட்டவை 7. ஆண்களுக்குக் கால் ஆட்டம் 20 நிமிஷம்; பெண்களுக்கு 15. ஆண்களில் சராசரி ஆட்டக்காரர் வருஷத்துக்கு 3,00,000 டாலருக்கு மேல் வாங்கினார். பெண்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பருவத்துக்குக் கிடைத்தது 8,500 டாலர். அதாவது பகலெல்லாம் வேறு வேலை செய்து வயிறு வளர்த்து, இரவில் பயிற்சி செய்து, வார முடிவில் வந்து ஆண்களைப்போல் ஆடிக்காட்ட வேண்டும். ஆடாவிட்டால் "பார்த்தீர்களா" என்பார்கள்.

இந்த 7 பந்தய வாழ்வில் நடந்ததைப் பாருங்கள். கட்சிகள் எட்டு. முதல் இரண்டு இடம் பெறுகிறவர்கள் மட்டும் நேரே இறுதிப் போட்டிக்குப் போகலாம். பிரிஸ்பேன் ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றது. அடிலெய்டும் மெல்போர்னும் ஆளுக்கு 5 வெற்றி, 2 தோல்வி என்று சரிக்குச் சரியாக நின்றன. போட்ட புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் வகுத்து விகிதம் பார்த்து, அடிலெய்டை உள்ளே விட்டு, மெல்போர்னை வெளியே நிறுத்தினார்கள். ஐந்து வெற்றி பெற்றவர்கள் ஒரு வகுத்தல் கணக்கில் வீட்டுக்குப் போனார்கள்.

இறுதிப் போட்டி மார்ச் 25-ல் நடந்தது. முதலிடம் பெற்ற பிரிஸ்பேனுக்குத் தன் ஊரின் பெரிய மைதானமாகிய காபாவில்கூட ஆடக் கொடுத்துவைக்கவில்லை. சில வாரங்களுக்கு முன் நடந்த பாட்டுக் கச்சேரிக்குப்பின் தரை ஆடத் தகுதியாக இல்லை என்று போட்டி கோல்ட் கோஸ்ட்டுக்கு மாற்றப்பட்டது. அங்கே அடிலெய்ட் 35, பிரிஸ்பேன் 29. இந்த 6 புள்ளி எதில் வந்தது என்று பார்த்தால்தான் போட்டியின் நெருக்கம் தெரியும். கோல்கள் இருவருக்கும் நான்கு நான்கு. பிஹைண்ட் அடிலெய்டுக்கு 11, பிரிஸ்பேனுக்கு 5. குறி தவறிய உதைகளே கோப்பையைத் தீர்மானித்தன! மறு வருஷம் பிரிஸ்பேன் மறுபடியும் இறுதிக்கு வந்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 27, பிரிஸ்பேன் 21. இந்தத் தடவை பிஹைண்ட் இருவருக்கும் மூன்று மூன்று. ஒரே ஒரு கோல் வித்தியாசம். 2022 நவம்பரில் மெல்போர்ன் 19, பிரிஸ்பேன் 15. மறுபடியும் கோல்கள் சரிசமம். 2017-ல் விகிதக் கணக்கில் வெளியே நிறுத்தப்பட்ட மெல்போர்ன் அன்றுதான் கோப்பையைத் தொட்டது. பிரிஸ்பேன் பெண்கள் இம்மூன்று கோப்பைகளையும் இழந்தது மொத்தம் 16 புள்ளிகளில். இப்படிப்பட்ட பந்தயங்களைப் பார்த்துவிட்டு "இதில் சுவாரஸ்யமில்லை" என்று சொல்லுகிறவனுக்குச் சுவாரஸ்யம் வேண்டியதில்லை, மீசைதான் வேண்டியிருக்கிறது.

"கோல் குறைவு, ஆகவே இது ஆட்டமே அல்ல" என்பது அவர்களுடைய பெரிய ஆயுதம். ஐயா, உங்கள் பாட்டனார்கள் ஆடிய கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 1899-ல் ஆண்களின் இறுதிப் போட்டியில் ஃபிட்ஸ்ராய் 27, சவுத் மெல்போர்ன் 26. 1927-ல் மழையில் காலிங்வுட் 25, ரிச்மண்ட் 13. இவற்றை வீர சரித்திரம் என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆண் 27 போட்டால் வீரம். பெண் 27 போட்டால் பலவீனம்! இது என்ன அளவுகோல்? லீக் பிறந்து மூன்றாவது வருஷத்தில் ஆண்கள் போட்ட புள்ளியைப் பெண்கள் இரண்டாவது வருஷத்திலேயே போட்டார்கள். அதற்காகப் பாராட்ட வேண்டாம். பொய் சொல்லாமலாவது இருக்கலாம்.

"பெண்களுக்கு முழங்கால் அதிகம் முறிகிறது" என்று அனுதாபம் காட்டுகிறவர்களும் உண்டு. பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்கால் நரம்புக் காயம் அதிகமாக வருவது உண்மையே. அதற்கு உடலமைப்பும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் பையனுக்கு ஏழு வயது முதல் இடைவிடாமல் விழவும் திரும்பவும் குதிக்கவும் சொல்லிக்கொடுத்து, பெண்ணைப் பதின்மூன்றில் நிறுத்திவிட்டு, பிறகு கூலி வேலைக்கு நடுவில் ஆடச் சொன்னால் அதில் காயம் வராதா? ஆண்களுக்கும் கால் முறிகிறது. அதற்காக "ஆண் சரீரம் பந்தாட்டத்துக்கு ஆகாது" என்று யாரும் சொன்னதாக நாம் கேட்டதில்லை. அவர்களுக்கு வைத்தியர் வருகிறார். பெண்களுக்கு உபதேசம் வருகிறது.

2019 மார்ச்சில் டெய்லா ஹாரிஸ் என்ற ஆட்டக்காரர் கால் வானுக்கு உயரும்படி பந்தை உதைத்த படத்தை ஒரு தொலைக்காட்சி ஸ்தாபனம் வெளியிட்டது. காலிகள் சிலர் அதன் கீழே ஆபாசமாக எழுதினார்கள். ஸ்தாபனத்தார் என்ன செய்தார்கள்? எழுதினவர்களை விரட்டவில்லை, படத்தை எடுத்துவிட்டார்கள்! தெருவில் ரௌடி நிற்கிறான், ஆகவே பெண்ணே, வீட்டுக்குள் போ என்கிற பழைய நியாயம் இதுதான். ஜனங்கள் கொதித்தெழுந்த பின் மன்னிப்புக் கேட்டுப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். அதே வருஷம் அந்த உதை வெண்கலச் சிலையாக மெல்போர்ன் நகர நடுவில் வைக்கப்பட்டது. சிலை வைத்தது சரி. சம்பளம்?

அதே 2019-ல் நடத்துகிறவர்கள் இன்னொரு விசித்திரம் செய்தார்கள். பத்துக் கட்சிகளை இரண்டு பிரிவாக்கி, பிரிவுக்கு இரண்டு கட்சிகளை இறுதிச் சுற்றுக்கு எடுத்தார்கள். பலசாலிகளெல்லாம் ஒரே பிரிவில் சேர்ந்துகொண்டார்கள். விளைவு: 5 வெற்றி பெற்ற நார்த் மெல்போர்ன் வெளியே, 3 வெற்றி பெற்ற ஜீலாங் உள்ளே! உள்ளே போன ஜீலாங் அடிலெய்டிடம் 66 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. இது ஜீலாங் பெண்களின் குற்றமல்ல. 2021-ல் அம்முறை கைவிடப்பட்டது. ஆனால் வெளியே நின்றவர்களின் வருஷத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 2020-ல் கொரோனா வந்தது. ஒன்றிலும் தோற்காத ஃபிரிமாண்டில் பெண்களுக்குக் கோப்பையில்லை, போட்டி ரத்து என்றார்கள். ஆண்களின் பந்தயம் மட்டும் ஜூனில் மீண்டும் தொடங்கி, ஊர் விட்டு ஊர் கொண்டுபோகப்பட்டு, அக்டோபரில் இறுதிப் போட்டியோடு முடிந்தது. ஒரே நோய், இரண்டு நியாயம்.

பிறகு நிலைமை முன்னேறவில்லையா என்றால், முன்னேறியது. 2022-ல் குறைந்தபட்சச் சம்பளம் 20,239 டாலரிலிருந்து 39,184 டாலராயிற்று. கட்சிகள் பதினெட்டாயின. பந்தயங்கள் 2025-ல் 12 ஆயின. இவை யாரும் கருணையால் போட்ட பிச்சையல்ல. ஆட்டக்காரிகள் சங்கமாக நின்று பேசி வாங்கியவை. ஆனால் கணக்குப் பாருங்கள்: பதினெட்டுக் கட்சியில் ஒருவருக்கு எதிரிகள் பதினேழு, ஆடுவது பன்னிரண்டு. ஒவ்வொருவரையும் ஒரு தடவைகூடச் சந்திக்காமலே யார் முதல் எட்டு என்று தீர்மானிக்கப்படுகிறது. எளிய எதிரி வாய்த்தவருக்கு யோகம். கடிய எதிரி வாய்த்தவருக்குத் தலைவிதி. ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? திறமையை அளக்க வேண்டிய இடத்தில் அதிர்ஷ்டத்தை உட்கார வைத்தால் அது விளையாட்டல்ல, சீட்டுக்குலுக்கல்.

கேட்டால், "முதலில் கூட்டத்தைக் கூட்டிக் காட்டுங்கள், பிறகு பந்தயங்களை அதிகப்படுத்துவோம்" என்கிறார்கள். நீந்தக் கற்றுக்கொண்டு வா, பிறகு குளத்தில் தண்ணீர் விடுகிறோம் என்பது போன்றது இது. ஆண்களின் லீக் 1897-ல் தொடங்கிய நாளில் எட்டுக் கட்சிகளே இருந்தன. ஒருவரையொருவர் தாராளமாகச் சந்திக்க விட்டுத்தான் அதை வளர்த்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல. ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு கட்சியோடும் ஒரு தடவையாவது ஆடட்டும். வேறு வேலை தேடாமல் ஆட்டத்தைக் கற்கும்படி கூலி கொடுக்கட்டும். நல்ல மைதானம் ஆணுக்கு, மிஞ்சினது பெண்ணுக்கு என்பது ஒழியட்டும். இவ்வளவும் செய்துவிட்டு, பத்து வருஷம் கழித்து, பெண்களுக்கு இந்த ஆட்டம் வருமா வராதா என்று அளக்க வரட்டும். அதுவரை, காலைக் கட்டி ஓடவிட்டு வேகத்தைக் குறை சொல்லுகிற யோக்கியர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முதலில் கட்டை அவிழுங்கள், பிறகு வாயைத் திறங்கள்.