சக்கரங்களின்மேல் ஒரு வீடு

அந்தமானின் லாங் ஐலண்டுக்குப் படகில் செல்லலாம். அங்கே வெளியில் தங்க விரும்புவோருக்குத் தோளில் சுமக்கும் கூடாரமே வீடு. நிலவழிப் பயணத்திலோ வீட்டையே உடன் கொண்டு செல்லலாம். கேரள அரசு 2021-ல் இதற்கெனக் கேரவன் சுற்றுலாக் கொள்கையையும் அறிவித்தது. வாடகைக்கு எடுக்குமுன் இவற்றின் வகைகளை அறிந்துகொள்ளுங்கள்.

இழுவைக் கேரவனுக்கு இன்ஜின் இல்லை. கார் அதை இழுத்துச் செல்லும். தங்குமிடத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் சுற்றலாம். ஓடும்போது அதனுள் ஒருவரும் அமரலாகாது. மடிப்புக் கூடார டிரெய்லர் எடை குறைந்தது, விரித்தால் துணிச்சுவர் அறையாகும், பெருமழைக்கு ஏற்றதன்று. கேம்பர் வேன் குறுகிய தெருவிலும் நுழையும். ஆனால் பலவற்றில் கழிப்பறை இராது. மோட்டார் ஹோமில் படுக்கை, சமையலறை, கழிப்பறை யாவும் உண்டு, முதியோருக்கு வசதி, நிறுத்தத்தான் பெரிய இடம் வேண்டும்.

எவ்வகையாயினும் ஒன்றை மறவாதிருங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் உறங்கிய இருவர் மரித்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குகிறவன் விழிப்பதில்லை.

ஆகவே, மெத்தையைப் பார்க்குமுன் ஜெனரேட்டர் எங்கே உள்ளது, புகை எவ்வழியே போகிறது என்று கேளுங்கள். அதை ஓடவிட்டு உள்ளே உறங்காதிருங்கள். வாயுவை உணர்ந்து ஒலிக்கும் அலாரம் உண்டா என்றும் பாருங்கள். தீவின் கூடாரத்துக்குள்ளும் அடுப்பெரிக்க வேண்டாம். அங்கும் அதே வாயுதான். கூச்சப்படாமல் கேட்கும் ஒரு கேள்வி உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.