மகுடியும் இருநூற்றைம்பது வோல்ட்டும்

பள்ளி ஆண்டு விழாவில் பாம்பு நடனம் என்றால் எங்கள் ஊரில் ஒரே மெட்டுதான். 1954 இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்து மகுடி. ஊரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது, ஆனாலும் அந்த மெட்டு எல்லோருக்கும் மனப்பாடம். அது மகுடியே இல்லை என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1947 இல் உருவாக்கிய கிளாவியோலின் என்னும் வால்வுக் கருவி அது. ஹேமந்த் குமாரின் இசையில் அதை வாசித்தவர், பின்னாளில் ஆனந்த்ஜியோடு சேர்ந்து பெயர் வாங்கிய கல்யாண்ஜி.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. வால்வில் நாமும் ஒரு சுரம் எழுப்பிப் பார்த்தால் என்ன?

பழைய வால்வு ரேடியோ ஒன்றின் டிரான்ஸ்பார்மர் கிடைத்தது. இசிசி 83 என்ற வால்வும் வாங்கினேன். கட்டை விரல் பருமன் கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு டிரையோடுகள். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பிளேட்டுக்கு 250. சூடான கேதோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் நிற்கும் கிரிட்டில் நாலைந்து வோல்ட் எதிர்மின் கொடுத்தால் அத்தனை பாய்ச்சலும் நின்றுவிடும். யானைக்கு அங்குசம் எவ்வளவு பெரிது, அவ்வளவுதான்.

இரண்டு டிரையோடுகளையும் குறுக்கே கோத்துவிட்டேன். ஒன்று ஓடும்போது மற்றதன் வாயை அடைக்கும். இடையில் உள்ள கண்டென்சர் வடிந்ததும் அடைபட்டது விழித்துக்கொண்டு முதலாவதை அடைக்கும். இந்தச் சண்டை நொடிக்குச் சில நூறு முறை நடந்தால் அதுவே சுரம். ஸ்பீக்கரில் கேட்டபோது கிளாரினெட்டுக்கு ஜலதோஷம் பிடித்தது போலிருந்தது. மகுடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று என் மனைவி சொன்னாள். பென்சிலால் குப்பியைத் தட்டினால் அந்தத் தட்டலும் ‘ணங்’கென்று ஸ்பீக்கரில் வந்தது. ஆனால் சுருதி நிற்கவில்லை. ஹீட்டர் ஆரஞ்சு நிறம் காட்ட அரை நிமிடம், சுருதி ஒரு நிலைக்கு வர கால் மணி நேரம். அதுவரை நழுவிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து சேசிஸுக்குள் கையை விட்டேன். ஸ்குரூடிரைவர் சுவரில் போய் விழுந்தது, நான் நாற்காலியோடு பின்னால். சுவிட்ச் அணைந்தாலும் பவர் சப்ளை கண்டென்சர் அணைவதில்லை. ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் போய்ச் சொன்னால் திட்டவில்லை, சிரித்தார். “தம்பி, வால்வு செட்டைத் தொட்டா ஒரு கை எப்பவும் பேண்ட் பாக்கெட்டுல இருக்கணும்.” இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

நான் ஒற்றைச் சுரத்துக்கே இந்தப் பாடு பட்டேன். 1939 இல் அமெரிக்காவின் ஹேமண்ட் கம்பெனி வெளியிட்ட நோவாகார்டில் 163 வால்வுகள், 72 கட்டைகள். அத்தனையையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும். அதன் சூட்சுமம் அழகானது. மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களுக்கு மட்டும் தனித்தனிச் சுற்றுகள். ஒவ்வொன்றின் அதிர்வையும் பாதியாக்கினால் கீழ் ஸ்தாயி, மறுபடி பாதியாக்கினால் அதற்கும் கீழ். போர்க்காலத்தில், 1942 இல் தயாரிப்பு நின்றது. 1964 இல் ராபர்ட் மூக் சிந்தசைசர் செய்தபோது டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டார்.

வால்வு ஒலியில் ஒரு கதகதப்பு இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்வதில் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. பெயருக்கு ஒரு வால்வைச் செருகி, அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து ஜொலிக்கவிடும் பெட்டிகளும் விற்பனையில் இருக்கின்றன. வால்வில் எனக்குப் பிடித்தது வேறு. அளவு மீறினால் ஒலியை வெடுக்கென்று வெட்டாது, கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கும். குரல் கம்முவது போல.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பவர் சப்ளை கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். 47 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் என்றால் ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். அப்போதும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள். நான் போடாமல் விட்ட அந்த ரெசிஸ்டரின் விலை ஒரு டீயைவிடக் குறைவு.