சூட்சுமம் மூலையில்

வீட்டிலேயே அக்ரிலிக் மீன் தொட்டி செய்யலாம். ஆனால் பாட்டிலில் வருவது பசை என்று நினைப்பவரின் வீட்டில் தரைதான் நனையும்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே மெல்லிய படலம் ஒட்டிய ஐந்து அக்ரிலிக் பலகைகள். மேல் விளிம்புக்கு ஒரு சட்டம். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும் திரவம் கொண்ட சிறு பாட்டில். ஊசி முனை பொருத்திய குப்பி. இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும் செய்முறைத் தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுதில் மீன் தொட்டி தயாராகிவிடும் என்ற நம்பிக்கையோடு வேலை தொடங்குகிறது.

கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிறு சந்தையானாலும் சென்னையின் கொளத்தூரானாலும் வண்ண மீன் வியாபாரத்தில் முதல் மரியாதை கண்ணாடித் தொட்டிக்குத்தான். அக்ரிலிக்கின் கவர்ச்சி வேறு. அதே அளவுக் கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். கீழே விழுந்தாலும் சில்லுசில்லாகச் சிதறாது. தன் மேல் விழும் வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும். பார்சலில் அனுப்பலாம்; மூன்றாவது மாடிக்கு ஒரே ஆள் தூக்கிச் செல்லலாம். குழந்தைகள் ஓடி விளையாடும் அடுக்குமாடி வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியது பொறுமை. அது பெட்டியில் வருவதில்லை.

மீன் தொட்டி மோகம் 1850களில் இங்கிலாந்தில் கிளம்பியது. அப்போது உலோகச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து, இடுக்குகளில் மக்கு அடைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலிகான் வந்தது. சட்டம் போயிற்று, கண்ணாடியோடு கண்ணாடி நேரடியாக ஒட்டியது. தொட்டி என்றால் சிலிகான் என்ற எண்ணம் அப்படித்தான் ஊறிப்போனது. 1933இல் ஜெர்மனியில் ப்ளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவாகி, இரண்டாம் உலகப் போர் விமானங்களின் ஜன்னலாகப் பறந்த அக்ரிலிக், மீன் தொட்டிக்குப் பிற்பாடு வந்த விருந்தாளி. அதற்கும் கண்ணாடிக்கான உபசாரத்தையே செய்கிறார்கள். தவறு அங்கே ஆரம்பிக்கிறது.

சிலிகான் கண்ணாடியைக் கெட்டியாகப் பற்றும். அக்ரிலிக்கில் வெறும் தோல் போலப் படர்ந்து கிடக்கும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் உரிந்து வரும். பெட்டியோடு வரும் பாட்டிலில் இருப்பதோ பசையே அல்ல, கரைப்பான். பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடு. இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் அது இறங்கி, இரு பரப்புகளையும் கொஞ்சம் இளக்குகிறது. இளகிய இரு பரப்புகளின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. இரண்டு பலகை ஒரே பலகையாகிறது. இரும்பை வெல்டிங் செய்வது போலத்தான், நெருப்பில்லாமல்.

இதனால் ஒரு சங்கடம் உண்டு. பசையாக இருந்தால் இடைவெளியை நிரப்பும். கரைப்பான் எதையும் நிரப்பாது. பலகைகள் ஒன்றையொன்று தொடாத இடத்தில் அது வேலை செய்யாமல் காற்றோடு போய்விடும். ஆகவே பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே தொட்டியின் தலையெழுத்து பாதி முடிவாகிவிடுகிறது. ரம்பத்தின் பல்தடம் தெரியாமல் விளிம்புகள் சமமாக இருக்க வேண்டும். ஐந்து பலகைகளையும் முதலில் டேப் ஒட்டி நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். விளிம்பு பளபளக்கட்டும் என்று தீயில் வாட்டுபவர்கள் உண்டு. அந்தச் சூடு பலகைக்குள் இறுக்கத்தை விதைத்துவிடும். கரைப்பான் பட்டதும் மயிரிழை விரிசல்களாக முளைக்கும்.

விரிசல் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி 54 லிட்டர் பிடிக்கும். அதன் நீளப் பக்கம் ஒவ்வொன்றையும் தண்ணீர் வெளியே தள்ளும் விசை சுமார் 27 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் விசை இரண்டு மடங்காகாது. நான்கு மடங்காகி 108 கிலோவைத் தொடும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம்தான். அக்ரிலிக்கின் விறைப்பு கண்ணாடியுடையதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு என்பதால் பலகை வெளியே பிதுங்கும். பிதுங்கும்போது மூலையைப் பிய்க்கப் பார்க்கும். மேல் விளிம்புச் சட்டம் அலங்காரத்துக்கு என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

கைதேர்ந்தவர்கள் குண்டூசியை நாடுகிறார்கள். அடிப்பலகை மேல் பக்கப்பலகையை நிறுத்தும்போது இடையே சில அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய ஊசிகளைச் செருகுகிறார்கள். ஊசிக் குப்பியால் விளிம்பின் ஓரமாகக் கோடு இழுத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கரைப்பான் தானாக இடுக்குக்குள் ஓடுகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம் அது ஊறட்டும் என்று காத்திருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். பலகை தன் எடையிலேயே இளகிய பரப்பில் அமர்கிறது. கையால் அமுக்கக் கூடாது. அமுக்கினால் இளகியது வெளியே பிதுங்கி, மூட்டு வறண்டுவிடும். நல்ல மூட்டு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை வெள்ளையாகக் குமிழ் தெரிந்தால் அங்கே பிணைப்பு இல்லை என்று பொருள்.

சில நிமிடங்களில் தொட்டி கையில் தூக்கும் அளவுக்கு உறுதியாகிவிடும். இதுதான் ஏமாற்று. வலுவின் பெரும்பகுதி வர ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். மிச்சம் வந்து சேர வாரங்கள். அன்று மாலையே தண்ணீர் ஊற்றுபவருக்கு அன்றிரவு ஒன்றும் ஆகாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் மூலை வாய் திறக்கலாம்.

தொட்டிக்கு இருக்கும் ஆபத்து செய்பவருக்கும் இருக்கிறது. மெத்திலீன் குளோரைடின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கும். தலை சுற்றலில் தொடங்கி மயக்கம் வரை கொண்டுபோகும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்ஸைடாக மாறி இரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பறிக்கும். புற்றுநோய் சந்தேகமும் அதன் மேல் உண்டு. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது. சிறுவர்களைச் சுற்றி உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் குடும்ப விளையாட்டல்ல இது. மொட்டை மாடியோ, காற்று புகுந்து புறப்படும் வராந்தாவோ போதும். சாதாரண ரப்பர் கையுறையை நம்புவதும் வீண். இந்தத் திரவம் அதையும் ஊடுருவும்.

உலர்ந்த தொட்டிக்கு அடுத்து பரீட்சை. சமதளமான மேஜை மேல் தெர்மோகோல் விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து, காய்ந்த செய்தித்தாளை நான்கு பக்கமும் பரப்ப வேண்டும். முதலில் பாதித் தண்ணீர். சில மணி நேரம் கழித்து முழுத் தண்ணீர். பிறகு இரண்டு நாள் சும்மா விட வேண்டும். கசிவைக் கண்ணைவிடச் சீக்கிரம் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

கசிந்தால்? கை உடனே சிலிகான் டியூபைத் தேடும். குளியலறைக்கென்று விற்கும் சிலிகான்களில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும், மீனையும் கொல்லும். தொட்டியைக் காலி செய்து, நன்றாக உலரவிட்டு, உள்மூலை நெடுக ஒரு முக்கோண அக்ரிலிக் பட்டையைக் கெட்டியான அக்ரிலிக் சிமென்டால் பிணைப்பதே முறை. மறுபடி காத்திருப்பு, மறுபடி பரீட்சை. முடிந்த தொட்டியைத் துடைக்க ஆல்கஹாலோ அம்மோனியாவோ உள்ள கண்ணாடித் திரவம் ஆகாது. விரிசலுக்கு அது அழைப்பிதழ். மென்மையான ஈரத் துணி போதும்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்பவர்கள் பெர்லினை நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்றிருந்த அக்வாடோம், சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீரும் 1,500 மீன்களும் கொண்ட பிரம்மாண்டமான அக்ரிலிக் உருளை. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் அது வெடித்தது. தண்ணீர் கூடத்தைப் புரட்டிப்போட்டுத் தெருவுக்கு ஓடியது. கூடத்தில் கூட்டம் இல்லாத நேரம். இரண்டு பேர் காயத்தோடு தப்பினார்கள். மீன்களில் பெரும்பாலானவை தப்பவில்லை. 2023இல் வந்த நிபுணர் அறிக்கை மூன்று சாத்தியங்களைச் சொன்னது: மூட்டு விட்டுப்போயிருக்கலாம், 2020இல் நடந்த சீரமைப்பின்போது அடிப்பகுதியில் ஒரு வெட்டு விழுந்திருக்கலாம், அப்போது தொட்டி காலியாகக் கிடந்து அக்ரிலிக் அளவுக்கு மீறி உலர்ந்திருக்கலாம். மூன்றில் எது என்று அறுதியிட்டுச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

வீட்டுத் தொட்டி 54 லிட்டர்தான். உடைந்தால் பாய் நனையும், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். உள்ளே நீந்துபவற்றுக்கு மட்டும் இரண்டு விபத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அவற்றுக்காகத்தான் அந்த இரண்டு நாள் வெறும் தண்ணீர்.