முழுத் தராசில் நிறுத்துக் காட்டுங்கள்!



முத்தை மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விற்ற கடற்கரை நம்முடையது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் தனி அத்தியாயமே இருக்கிறது. தராசுத் தட்டைத் துடைத்துவிட்டுக் கடை திறக்கும் வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே கண்ணோடு, நம் ஊருக்கு வந்திருக்கும் ஒரு புதிய சரக்கையும் பார்ப்போம். அதுதான் இயற்கை எரிவாயு.

2021 பிப்ரவரி 17 அன்று ராமநாதபுரம் – தூத்துக்குடி எரிவாயுக் குழாயைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். நீளம் 143 கிலோமீட்டர். சுமார் 700 கோடி ரூபாய் செலவில் இந்தியன் ஆயில் நிறுவனம் பதித்தது. ஓ.என்.ஜி.சி. கிணறுகளின் வாயு ஸ்பிக் உர ஆலைக்கு வருவதற்கான வழி இது. அதுவரை நாப்தாவைக் கொண்டு யூரியா தயாரித்த ஆலை, வாயுவுக்கு மாறியது.

இதிலுள்ள நன்மையை நாம் மறைக்க மாட்டோம். மறைப்பதும் எடைக் குறைப்புதான்! நாப்தாவை விட வாயுவில் கரிவாயு குறைவு. மின்சாரத்துக்காக எரிக்கும்போது, நிலக்கரி கக்குவதில் ஏறத்தாழ பாதிதான். சாம்பல் கிடையாது. 1979-ல் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கண்ட ஊருக்கு இது சின்ன விஷயமா?

ஆனால், 'பாதிப் புகை' என்பது புகைபோக்கியில் மட்டும் எடுத்த எடை. கிணற்றிலும் குழாயிலும் கசிவதை யார் நிறுப்பது? இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். எரியாமல் அது காற்றில் கலந்தால், இருபது ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரிவாயுவைப் போல் எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கசிவு சில சதவீதத்தைத் தாண்டினாலே நிலக்கரியை வென்ற பெருமை கரைந்துபோகும். ஒரு தட்டைக் காட்டி மறு தட்டை மறைத்தால் அதற்குப் பெயர் வியாபாரமா?

குழாயின் இந்த முனையில் ஆலை. அந்த முனையில் வயலும் கடலும். 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்ற செய்தி வந்ததும் விவசாயிகளும் மீனவர்களும் கொதித்தார்கள். அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசே சொல்ல நேர்ந்தது. மக்களிடம் முன்பே கணக்கைக் காட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் தூத்துக்குடி. இங்கே 'நம்புங்கள்' என்ற ஒரு சொல் போதாது. கணக்கு வேண்டும்.

இளைஞர்களே! தொழிற்சாலை என்றதும் கொடி பிடிப்பதும் தவறு. வேலை கிடைக்கும் என்று வாய்மூடி இருப்பதும் தவறு. கசிவு அளவு என்ன, அளப்பவர் யார், விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் முன்வரிசையில் அமருங்கள். குழாய்ப் பராமரிப்பு, வெல்டிங், பாதுகாப்புப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கேளுங்கள். மீனவச் சகோதரர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டே கேளுங்கள். இது ஒரு சமுதாயத்தின் காற்று அல்ல.

வியாபாரிகளே! கடையில் நீங்கள் பேணும் நேர்மையைக் கம்பெனிகளிடமும் அரசிடமும் கேட்கத் தயங்காதீர்கள். சரக்கு நல்லதென்றால் முழுத் தராசில் நிறுத்துக் காட்டட்டும். நிறை சரியென்றால் நாமே முதலில் வரவேற்போம், இன்ஷா அல்லாஹ்!