காலாவதித் திகதியைப் பார்ப்பவர் யார்?

பண்டாரவளை நகரின் மருந்துக்கடைகளில் காலாவதித் திகதியைப் பார்க்காமல் எவரும் மருந்துக்குப் பணம் கொடுப்பதில்லை. அரசாங்கத்தின் கணினிகளில் அத்திகதியைப் பார்ப்பவர் யார்?

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்று தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அவ்வாண்டு மே 17 முதல் தாக்குதல் நாள் வரையிலான மடல்கள் அழிந்தன. வலையமைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சிக்கிக்கொண்டது. வெளியே வேறு பிரதி இருக்கவில்லை.

அங்கே இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013. அதற்கான ஆதரவை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியே நிறுத்திவிட்டது.

பதிப்பை அறிவது கடினமா? இல்லை. ஒரு வரிக் கட்டளையில் கேட்டால் சேவையகம் தன் எண்ணைச் சொல்லிவிடும். 15.0 என்று தொடங்கினால் அது 2013, 15.1 எனில் 2016. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நிறுவப்பட்டிருப்பது வேறு, இயங்குவது வேறு. ஒரே கணினியில் ஜாவாவின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே இருக்கலாம். பொதுவாகக் கேட்டால் புதியது பதில் சொல்லும். செயலியோ பழையதன் மீதே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, ஓடுகின்ற செயலியிடமே கேட்க வேண்டும்.

இவையெல்லாம் அதிகாரிகளுக்குத் தெரியாதவை அல்ல. 2021 முதலே தரமுயர்த்தத் திட்டமிருந்ததாகவும், நிதித் தட்டுப்பாட்டாலும் பணிப்பாளர் சபையின் முந்தைய தீர்மானங்களாலும் அது தாமதமானதாகவும் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே கூறியது. அறியாமை மன்னிக்கத்தக்கது. அறிந்தும் வாளாவிருந்ததை என்னவென்பது?

பதிப்பை வெளியிட்டால் தாக்குவோருக்கு வசதியாகிவிடும் என்பார்கள். தாக்குவோர் வெளியிலிருந்தே அதைத் துருவிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இருட்டில் இருப்பவர்கள் குடிமக்கள் மட்டுமே. எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு திணைக்களமும் தன் மென்பொருட்களின் பதிப்பையும், அவற்றுக்கான ஆதரவு முடியும் திகதியையும் ஆண்டுதோறும் கணக்காய்வாளர் நாயகத்திடம் ஒப்படைக்கட்டும். காலங்கடந்தவை எத்தனை என்ற தொகையைப் பாராளுமன்றத்தில் அறிவிக்கட்டும். இது அதிகமான கோரிக்கையா?

மலையகத்தான் ஏன் இதற்குக் கவலைப்படுகிறான் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்டக் காகிதமில்லாத தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். ஒரு பதிவு இல்லாமற்போவதன் விலையைத் தலைமுறைகளாகக் கட்டியவர்கள் நாங்கள். நாளை பிறப்புப் பதிவும் காணி உறுதியும் கணினிக்குள் மட்டுமே இருக்கும் காலம் வரும். அப்போது "காப்புப் பிரதி இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் லயத்துக்குத் திரும்ப வேண்டுமா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. இலங்கையில் உள்ள வாசகர்களே, உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். உங்கள் மென்பொருளின் ஆதரவு என்று முடிகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.