ஆட்டுக்குக் காய்ச்சல் என்றால் யாருக்கு முதலில் தெரியும்?

திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டு ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்பது யாருக்கு முதலில் தெரியும்? கால்நடை டாக்டருக்கா? ஆட்டை விலை பேசி விற்கிற வீட்டுக்காரருக்கா? ரெண்டு பேருக்குமே இல்லை. காலையில் கொட்டில் கூட்டுகிற அம்மாவுக்கோ, திண்ணையில் உட்கார்ந்து ஆடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கோதான் தெரியும். "கருப்பி இன்னைக்குக் குழையே கடிக்கலப்பா" என்று பாட்டி சொல்வார். நோயைப் பற்றிய முதல் தகவல் அந்த ஒரு வரிதான். அதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவதில்தான் நஷ்டமே ஆரம்பிக்கிறது.

ஆடு ஏன் வெளிப்படையாகக் காட்டுவதில்லை? கூட்டமாக மேய்ந்து, நரிக்கும் நாய்க்கும் பயந்து வாழ்ந்த இனம் அது. பலவீனமாக இருப்பதைக் காட்டிக்கொண்டால் முதல் பலி அதுதான். அதனால் முடிந்தவரை கூட்டத்தோடு நடந்துகொண்டே இருக்கும். விழுகிற அன்றுதான் நமக்குத் தெரிகிறது. வெளிநாட்டில் எலியைச் செல்லமாக வளர்க்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை. (சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வளர்க்கிறார்கள்!) எலியும் நோயை மறைக்கும். அதனால் அவர்கள் வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் எலியை நிறுத்து எழுதி வைக்கிறார்கள். கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாக ஏதாவது கசிகிறதா என்று பார்க்கிறார்கள். அது ரத்தம் மாதிரி தெரியும், ஆனால் ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறமி. எலிக்கு ஏதோ சரியில்லை என்பதற்கு அது அடையாளம். இரண்டு மூன்று வருஷம் மட்டுமே வாழும் ஒரு எலிக்கு அங்கே நோட்டுப் போட்டுக் கணக்கு. பல ஆயிரம் ரூபாய் பெறுகிற கன்னி ஆட்டுக்கு இங்கே ஒரு நோட்டும் கிடையாது.

நோட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்வை இருந்தால் போதும். நல்ல ஆடு படுத்திருக்கும்போது அசை போட்டுக்கொண்டிருக்கும். இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளே புரள்வது தெரியும். அது நின்றுவிட்டால் ஏதோ கோளாறு. புழுக்கை உருண்டையாக இல்லாமல் குழைந்து வந்தால் கோளாறு. கூட்டத்தை விட்டுத் தனியாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் பெரிய கோளாறு.

கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்ப்பது இன்னொரு வழி. சிவப்பாக இருந்தால் நல்லது, வெளிறிப் போயிருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். தென் ஆப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் அச்சடித்த அட்டை தயாரித்தார்கள். இமையை அட்டையோடு ஒப்பிட்டு, எந்த ஆட்டுக்குப் புழு மருந்து தேவையோ அதற்கு மட்டும் கொடுப்பார்கள். பைசா செலவில்லாத பரிசோதனை. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தில் வெயில் காலத்தை ஆடு எப்படியோ சமாளித்துவிடும். சீமைக்கருவேலங்காயைத் தின்றே பிழைத்துக்கொள்ளும். ஆபத்து மழையோடுதான் வருகிறது. ஐப்பசியில் நாலு மழை பெய்து கரிசலில் பச்சை தலைகாட்டியதும் காய்ந்து கிடந்த ஆடுகள் வயிறு முட்ட மேயும். அப்போது குடலில் ஏற்கனவே இருக்கும் கிருமி பெருகி விஷத்தை உண்டாக்குகிறது. அதுதான் துள்ளுமாரி. கொடுமை என்னவென்றால் நோஞ்சான் குட்டியை விட்டுவிட்டு, நன்றாக மேய்ந்து கொழுத்த குட்டியைத்தான் அது எடுத்துக்கொண்டு போகும். சாயங்காலம் துள்ளிய குட்டி காலையில் கிடக்கும். இதில் அறிகுறியைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க நேரமே கிடைக்காது. மழைக்கு முன்னால் தடுப்பூசி போடுவது ஒன்றுதான் வழி.

ஆட்டுக்கொல்லி நோய் வேறு ரகம். அது நேரம் கொடுக்கும். முதலில் காய்ச்சல், அப்புறம் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்க்குள் புண், கழிச்சல், இருமல். இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த வைரஸிலிருந்து தயாரித்த தடுப்பூசிக்கு இன்றைக்கும் 'அரசூர் 87' என்றுதான் பெயர். ஒரு ஊசி போட்டால் சுமார் மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. மாட்டைக் கொன்ற வெக்கை நோயை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். அதன் பங்காளியான இந்த நோயை 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

இலக்கு இருக்கட்டும். கருப்பி குழை கடிக்கவில்லை என்றதும் வீட்டில் என்ன நடக்கிறது? பாதி வீடுகளில் "செத்தா ஒன்னுமில்ல, வித்தா பாதியாவது தேறும்" என்று ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். பி.காம் படிக்கிற யாரும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரையில் பழைய கார்களை வைத்துச் சொன்ன அதே கதை. (அதற்குத்தான் 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) விற்கிறவனுக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆனால் பழைய காரை வாங்கினால் அந்த ஒரு கார்தான் கெடும். காய்ச்சல் ஆட்டை வாங்கினால் பட்டியே கெடும். அறிகுறி வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அந்த ஆடு வைரஸைப் பரப்ப ஆரம்பித்துவிடும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை மாதிரி பல ஊர் ஆடுகள் கூடும் இடத்துக்கு அப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விற்கிற குடும்பத்தைத் திட்டுவது சுலபம். 2011-ல் அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுத்தபோது ஒரு குடும்பத்துக்கு நாலு ஆடு. நாலில் ஒன்று செத்தால் முதலில் கால்வாசி போச்சு. எந்தக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பிலாவது ஒரே ராத்திரியில் 25 சதவீதம் காணாமல் போனால் பேப்பரில் தலைப்புச் செய்தி வரும். அந்த அம்மாவுக்கு வருவதெல்லாம் வீட்டுக்காரரின் ஏச்சு மட்டும்தான். ஆகவே நியாயம் பேசி அவர் கையைக் கட்ட முடியாது. நோய் ஆட்டை விற்பதைவிட வைத்தியம் பார்ப்பது லாபம் என்று அவருக்குக் கணக்கு ஒத்துவர வேண்டும். அதற்குக் காலத்தில் ஊசி வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பது ஆம்பளைகளுக்கு மட்டுமில்லாமல் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கை வைத்தியத்தை முழுசாகக் குறை சொல்ல முடியாது. புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் பூசட்டும். ஆனால் மூச்சு வாங்குகிற ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து, மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றுவது இருக்கிறதே, அது ஆபத்து. வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும். நோயில் பிழைத்திருக்கக்கூடிய ஆடு வைத்தியத்தில் செத்துப்போகும். அதைவிட, உடனே தனியாகக் கட்டி, நிழலும் தண்ணீரும் கொடுத்து டாக்டரைக் கூப்பிடுவது மேல். சந்தையில் வாங்கி வந்த புது ஆட்டையும் மூன்று வாரமாவது தனியே கட்ட வேண்டும். எலி வளர்க்கிறவர்கள்கூடப் புது எலியைத் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்கிறார்கள்.

திருச்சுழி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது ரமண மகரிஷி. 1879-ல் இங்கே பிறந்தவர். திருவண்ணாமலை ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசு 1948 ஜூனில் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தார். அது இறந்ததும் அங்கேயே சமாதி வைத்தார்கள். இதை எல்லோரும் ஆன்மிகக் கதையாகவே சொல்கிறார்கள். நாலு ஆட்டை வைத்துப் பிழைக்கிற வீட்டில் அந்த அளவு பொறுமைக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் நோய்ப்பட்ட பிராணியின் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் அது அசை போடுகிறதா, மூச்சு எப்படி வாங்குகிறது என்பதே தெரியும். பாட்டி தினமும் செய்வதும் அதைத்தான்.

ஒரே ஒரு யோசனை. ஆடுகள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். தடுப்பூசி முகாமைப் பத்தரை மணிக்குத் தொடங்கினால் ஊரில் நொண்டி ஆடும் பால்குட்டியும்தான் இருக்கும். ஏழு மணிக்கு வைத்தால் பட்டி அவிழ்க்கும் முன்னால் அத்தனைக்கும் போட்டுவிடலாம். முந்தின நாள் ராத்திரி தண்டோரா போட்டாலே போதும்.