மலை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்ததா?

கொழுந்து நிறுக்கும்போது கையைப் பிடிக்கிறார், வேலைத்தலத்தில் அசிங்கமாகப் பேசுகிறார் என்று ஒரு சகோதரி கங்காணிமீது முறையிட்டால் நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது? தலைவர் வருவார், இரண்டு பெரியவர்கள் வருவார்கள். "பொம்பளப் பிள்ளைக்குத்தான் பேர் கெட்டுப்போகும்" என்பார்கள். கடைசியில் அவளை வேறு மலைக்கு மாற்றுவார்கள். கொழுந்து குறைந்த மலையென்றால் கிலோவும் போயிற்று. முறையிட்டவளுக்குத் தண்டனை, அவருக்கு அதே தராசு. இதைச் சமரசம் என்று நம் கமிட்டிப் புத்தகத்தில் வேறு எழுதுகிறோம்!

மலைநாட்டோடு இது நிற்கவில்லை. 1977 கலவரத்துக்குப் பின் திருகோணமலைப் பக்கம் குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். அங்கே தராசு இல்லை. லீவும் ஷிப்டும் சுப்பவைசர் கையில் இருக்கின்றன.

ஆள் கெட்டவன் என்பது பாதிக் கதைதான். முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதும் பென்சில் ஒரே ஆள் கையில் இருப்பது மீதிக் கதை. கென்யாத் தேயிலைத் தோட்டங்களில் 70க்கும் மேற்பட்ட பெண்கள் மேற்பார்வையாளர்களின் பாலியல் கொடுமை பற்றிப் பேசியதை 2023இல் பிபிசி வெளியிட்டது. அங்கும் வேலை கொடுக்கும் அதிகாரம்தான் ஆயுதம்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, தொட்டால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுத்தாலே ஐந்து வருடம் வரை சிறை. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் செய்வதையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. குற்றத்துக்குச் சமரசம் பேச தலைவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை ஒரு தனி வழக்காக விட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியையும் எச் அண்ட் எம்மையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பவர்கள் வந்தார்கள். முறையிட்டவரைப் பழிவாங்கவும் தடை. ஆடை வாங்கும் கம்பெனியைப் பிடித்ததால்தான் நிர்வாகம் இறங்கி வந்தது. நம் தேயிலையையும் யாரோ வாங்கத்தானே செய்கிறார்கள்?

கூட்டு ஒப்பந்தம் என்றால் சம்பளத்தை மட்டும் பேசிப் பழகிவிட்டோம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தோட்டத் தலைவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். முறைப்பாட்டை முதலில் கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். நாள், நேரம், இடம், பக்கத்து நிரையில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைக்கட்டும். 1938க்கு அழைக்கவோ பொலிஸுக்குப் போகவோ அவள் விரும்பினால் சங்கத்திலிருந்து இருவர் கூடப் போகட்டும். விசாரணை முடியும்வரை மலை மாற வேண்டியவர் கங்காணி. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன். கை தூக்க மனமில்லாதவர்கள் காரணத்தை மகளிர் முன்னால் எழுந்து சொல்லட்டும்.